முன்மொழிந்தவர்

கிணறு வெட்ட ஆள் வந்துவிட்டது என்ற செய்தியை அபுதாஹிரிடம் கொண்டுவந்தவர்கள் கிழக்குத் தெருப் பெண்கள். காலை எட்டு மணி இருக்கும். கடைப் பலகைகளை எடுத்து அடுக்கிவிட்டு, பழைய செய்தித்தாள்களைப் பொட்டலம் மடிக்க ஏற்ற அளவில் அவர் கிழித்துக்கொண்டிருந்தார். படிக்காமல் ஒரு தாளையும் அவர் கிழிப்பதில்லை. மூன்று மாதம் முந்திய சட்டசபைப் பேச்சாக இருந்தாலும் கடைசி வரி வரை போய்விட்டுத்தான் கிழிப்பார். மனைவி தௌலத் பேகம் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் புதியம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அச்சில் வந்த எதுவும் அவருக்குப் பேச்சுத் துணைதான்.

"அண்ணாச்சி, கெணத்துக்கு ஆளு வந்திருக்கு" என்றாள் வேலுத்தாய். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள்.

"நல்லது தாயி. இந்த வாரம் வருவாங்கன்னு பிரசிடெண்டு சொன்னாரு."

"நல்லதுங்கீங்க. நம்ம தெருவுல இல்ல. மேக்க, பிரசிடெண்டு புஞ்சைய ஒட்டி அளந்து குச்சி அடிக்காங்க."

அபுதாஹிர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"அங்கன எதுக்கு அடிக்காங்க?"

"அதத்தான் ஒங்ககிட்ட கேக்க வந்தோம். நீங்கதானே மெம்பரு."

 விசாரித்துச் சொல்வதாக அபுதாஹிர் சொன்னார். 

அந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது. கோடையில் கரிசல் நிலம் முழங்கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஊருணி மாசியிலேயே வற்றிவிடும். அதன்பிறகு கிழக்குத் தெருக்காரர்கள் ஒன்றரை மைல் நடந்து, ஓடையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். சர்க்கார் கிணறு ஒன்று வருகிறது என்றதும், தெருவின் கடைசியில் இருந்த பொட்டலில் உடைமுள்ளை வெட்டி, வேரைத் தோண்டி, கல்லைப் பொறுக்கிக் குவித்து இடத்தைச் சுத்தம் செய்தவர்கள் இந்தப் பெண்கள். ஊரார் பங்காக உடலுழைப்புத் தர வேண்டும் என்பது விதி. நாலு நாள் கூலி வேலைக்குப் போகாமல் அதைச் செய்தார்கள். ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம் அது.

அவர்களுக்கு அவர் மெம்பரான கதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பஞ்சாயத்து போர்டுத் தேர்தல் கை தூக்கித்தான் நடந்தது. வேட்பாளர் பெயரை அதிகாரி வாசிப்பார்; வேண்டியவர்கள் கையைத் தூக்க வேண்டும்; அவர் எண்ணிக்கொண்டே நடப்பார். ஊரில் நிலம் இரண்டு குடும்பங்களிடம் இருந்தது. கிழக்குத் தெரு இரண்டு குடும்பத்துக்கும் களை எடுத்தது, பருத்தி எடுத்தது. ஒருவருக்குத் தூக்கிய கையை மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பார். மறுநாள் அந்தக் கைக்கு அவர் காட்டில் வேலை இருக்காது. என்ன செய்வதென்று யோசித்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒருவரைத் தேடினார்கள். பலசரக்குக் கடை ராவுத்தர் அகப்பட்டார். அவருக்கு நிலமில்லை, பங்காளியில்லை, அந்தத் தெருவில் வீடுகூட இல்லை. முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. வளையல் போட்ட கை, போடாத கை, மருதாணிக் கறை உள்ள கை. யாருடைய கை எது என்று அவருக்குத் தெரியும். தன் தனிமையைத் தகுதியாக எண்ணி ஒரு தெரு தன்னைத் தேர்ந்தெடுத்ததில் அன்றைக்கு அவருக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் இருந்தது.

பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். கிளார்க் ராமசுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க ராவுத்தரே. கடையப் பூட்டிட்டு வந்திருக்கீங்க, அதிசயமா இருக்கு."

"கெணறு எடம் எப்படி மாறுச்சு?"

"தீர்மானம் போட்டுத்தான் மாறுச்சு." ராமசுப்பு மினிட் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவர் முன் வைத்தான். "இந்தா இருக்கு. மாசி பதினொண்ணு கூட்டம்."

கிழக்குத் தெருப் பொட்டலில் ஊற்று இல்லையென்று தெரியவருவதால், மேற்படி கிணற்றைச் சர்வே நம்பர் நூற்றுப் பதினேழில் உள்ள புறம்போக்கில் வெட்டுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதன் கீழே ஏழு கையெழுத்துகள். அவருடைய கையெழுத்து முதலாவது. அதற்கு மேல் ஒரு வரி இருந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

முன்மொழிந்தவர்: திரு. அபுதாஹிர், கிழக்குத் தெரு மெம்பர்.

"நானா முன்மொழிஞ்சேன்?"

"ஒங்க வார்டு வேல. நீங்க முன்மொழிஞ்சாத்தானே முறையா இருக்கும். வேற ஆளு பேரு போட்டா மேல இருந்து ஏன்னு கேப்பான்." ராமசுப்பு சிரித்தான். "ஒங்களுக்கு மரியாதையாத்தான் மொதல்ல போட்டேன்."

"கூட்டமே நடக்கலையே."

"என்னைக்கு நடந்திருக்கு?"

அது உண்மைதான். இரண்டு வருஷமாகக் கூட்டம் என்று ஒன்று நடந்ததில்லை. கிளார்க் எழுதி முடித்ததும், பியூன் முப்பிடாதி புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவான். மெம்பர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் காத்திருப்பான். காட்டில் இருந்தால் காட்டுக்கே போவான். விரல் வைத்த இடத்தில் கையெழுத்து வாங்குவான். மாசி பதினொன்றை அபுதாஹிர் நினைத்துப் பார்த்தார். சந்தை நாள். கொத்தமல்லி எடை போட்டுக்கொண்டிருந்தார். முப்பிடாதி, "இங்கன ஒண்ணு போடுங்க" என்றான். அவர் தராசை ஒரு கையில் பிடித்துக்கொண்டே போட்டார்.

பொட்டலத் தாளைப் படிக்கிற மனிதர் இதை ஏன் படிக்கவில்லை? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு நடந்தார். நேரமில்லை என்பது காரணமல்ல. எதிரே ஒருவன் நிற்கும்போது புத்தகத்தை வாங்கிப் படிப்பது, உங்கள்மேல் எனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்வதுபோல் ஆகும். மற்ற ஆறு பேரும் படிப்பதில்லை. இந்த ஊரில் ஒற்றை ராவுத்தர் குடும்பமாக இருபது வருஷம் வாழ்ந்தவர், யாரையும் சந்தேகப்படாதவர் என்ற பெயரைத்தான் முதலாகப் போட்டு வியாபாரம் செய்துவந்தார். அந்த நாசூக்குத்தான் கையெழுத்துப் போட்டிருந்தது.

பிற்பகல் பிரசிடெண்டு சோலைராஜைப் போய்ப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார்.

"ஊத்துப் பாக்குதவர் கடம்பூர்ல இருந்து வந்தாரு ராவுத்தரே. உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு ஊரையே சுத்தினாரு. கிழக்குப் பொட்டல்ல தேங்கா அசையவே இல்ல. என் புஞ்சைப் பக்கம் வந்ததும் எந்திரிச்சு நின்னுட்டு. நான் என்ன செய்ய?"

"அந்தத் தெருவுல இருந்து ஒரு மைலு இருக்கே."

"ஓடைக்கு ஒன்றரை மைலு. அர மைலு லாபம்தானே." அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் தண்ணி எடுக்காதன்னு யாரையும் சொல்லப் போறதில்ல. தாராளமா வரட்டும். என் காட்டுல களை எடுக்குதவங்கதானே எல்லாரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தண்ணீர்போல் சாதாரணமாகச் சொன்னார். அபுதாஹிர் மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். களை எடுக்கிறவரைக்கும் தண்ணீர் உண்டு. கூலி போதவில்லை என்று ஒருத்தி சொல்கிற வருஷம் என்ன ஆகும்?

"கூட்டம் நடக்கலன்னு நான் எழுதிக் குடுத்தா?"

சோலைராஜ் அவரை நிதானமாகப் பார்த்தார். "குடுங்க. நடக்காத கூட்டத்துக்கு இருபத்து மூணு கையெழுத்துப் போட்டவரு நீங்க. மொதல்ல ஒங்களத்தான் கேப்பாங்க."

அந்தி சாயும்போது கிழக்குத் தெருவுக்குப் போனார். தேர்தலுக்குப் பிறகு அவர் அங்கே போனதில்லை. அவர்கள்தான் கடைக்கு வருவார்கள். கடையிலேயே குறையைச் சொல்வார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இதுதான் மெம்பர் வேலை என்று இரு தரப்பாருமே நினைத்திருந்தார்கள். வாசல்களில் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்காகப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை வாசனை தெரு முழுக்க இருந்தது. உட்காரச் சொல்லி ஒரு சாக்கை விரித்தார்கள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"எடத்த மாத்தின தீர்மானத்துல என் கையெழுத்து இருக்கு. நான்தான் முன்மொழிஞ்சேன்னு எழுதியிருக்கு. நான் படிக்காமப் போட்டுட்டேன்."

பெட்டி ஒட்டும் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. சுடலையம்மாள் மட்டும் ஒட்டிக்கொண்டே பேசினாள். அறுபது வயதிருக்கும். யாருக்கும் நாக்கை அடக்குகிறவள் இல்லை.

"பொட்டலம் மடிக்குத பேப்பரையே அர நாழி படிக்குத ஆளு. எனக்குக் காப்பணத்துக்குக் கடுகு குடுக்க நீங்க அதப் படிச்சு முடிக்கணும்னு நான் வெயில்ல நின்னிருக்கேன். எங்க கெணத்த மட்டும் படிக்காமயா போட்டீங்க?"



"சும்மா கெட கெழவி" என்றாள் வேலுத்தாய்.

"நான் எதுக்குக் கெடக்கணும்? என் கைய நான் தூக்கினேன். கேக்குதேன்."

"கோவில்பட்டிக்குப் போயி ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார் அபுதாஹிர்.

 வேலுத்தாய் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. விட்டுருங்க. பிரசிடெண்டு ஆளு இப்பத்தான் வந்துட்டுப் போறான். தண்ணி எடுத்துக்கிடலாம்னு அவிய சொல்லிட்டாவளாம். நீங்க எழுதிக் குடுத்தா நாளைக்கு ஒரு பொம்பளையையும் களைக்குக் கூப்பிட மாட்டாவ. ஒங்களுக்குக் கடை இருக்கு. எங்களுக்கு?"

யாரும் மறுக்கவில்லை. சுடலையம்மாளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பின் மூன்று நாள் கிழக்குத் தெருவிலிருந்து யாரும் கடைக்கு வரவில்லை. கோபமா, கூச்சமா தெரியவில்லை. பெருங்காயமும் புளியும் வாங்க அடுத்த ஊருக்கு நடந்தார்கள். மதியம் தெருவில் நிழல்கூட நகராது. அவர் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்தார். படிக்கத் தாள் எடுத்தால் எழுத்து மனதில் ஏறவில்லை.

அவர்கள் தன்னிடம் இரண்டு காரியம் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் வேண்டும் என்றார்கள். இப்போது, விட்டுவிடு என்கிறார்கள். இரண்டும் அவர்கள் வாயிலிருந்து வந்தவைதான். எதற்கு அவர் மெம்பர்? அவர்கள் சொல்வதைத் தாண்டி ஒன்றைச் செய்ய அவருக்கு என்ன உரிமை? சோலைராஜும் அவர்களைக் கேட்காமல்தான் செய்தார், அவர்கள் நன்மைக்கென்று சொல்லிக்கொண்டு. தானும் அப்படித்தானா? ஆனால் விட்டுவிடு என்று சொன்னபோது வேலுத்தாய் தன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்ட நாளில் நேராகப் பார்த்துக் கேட்டாள். இது ஒரு சாட்சியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கேட்க யாருமில்லை. தௌலத் இருந்திருந்தால், "ஒங்க கையெழுத்த நீங்க அழிங்க, மத்தத அவங்க பாத்துக்கிடட்டும்" என்றிருப்பாள் என்று தோன்றியது. அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா, தனக்கு வேண்டியதை அவள் வாயில் வைத்துக்கொள்கிறோமா என்பதும் தெரியவில்லை.

அவர்களுக்காக எதையும் கேட்பதற்கு முன், அவர்கள் பெயரில் சொன்ன பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று மைல் நடந்து பஸ் ஏறினார். பஞ்சாயத்து ஆபீசர் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாய்யா."

"நாளைக்கு உங்க மெம்பர் பதவிக்கே இது ஆபத்து. தெரியுமா?"

"தெரியும். அதையும் அடியில எழுதியிருக்கேன்."

ஆபீசர் அடிவரியைப் பார்த்தார்.  மூன்று நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, முறையாகக் கூட்டம் கூட்டி, இடத்தை மறுபடி தீர்மானிக்க வேண்டும்; அதுவரை வேலை நிற்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார். அபுதாஹிர் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. யாரும் அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. அது ஒரு ஆறுதலாக இருந்தது.

கிணற்று வேலை நின்றது. வேலுத்தாய் சொன்னபடியே கிழக்குத் தெருவுக்குக் களை வேலையும் நின்றது. இரண்டாவது செய்தி முதல் செய்தியைவிட வேகமாக அவரிடம் வந்து சேர்ந்தது. கூட்ட நாள் வெள்ளிக்கிழமை என்று அவர் தெருவுக்குப் போய்ச் சொன்னார். வாசல்களில் யாரும் தலை நிமிரவில்லை. தேதியையும் மணியையும் இரண்டாம் முறை சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை ஏழு மெம்பர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது அந்த ஊரில் முதல் தடவை. பெஞ்சு போதாமல் முப்பிடாதி பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று தூக்கி வந்தான். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ராமசுப்பு பழைய தீர்மானத்தை வாசித்தான். இந்த முறை முன்மொழிந்தவர் வேறொருவர், ஆமோதித்தவரும் உண்டு.

அபுதாஹிர் எழுந்தார். எழுதி வைத்திருந்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்த பிறகு படிக்கவில்லை.

"கெணறு கிழக்குத் தெருப் பொட்டல்லயே வெட்டணும். எடத்தைச் சுத்தம் பண்ணினது அவங்க. தண்ணி இருக்கா இல்லையான்னு தோண்டித்தான் பாக்கணும். பிரசிடெண்டு புஞ்சைப் பக்கத்துல இருந்தா, அது அவரு குடுக்குத தண்ணியா இருக்கும். சர்க்கார் கெணத்துத் தண்ணிய ஒருத்தர் குடுக்கவும் கூடாது, ஒருத்தர் கேட்டு வாங்கவும் கூடாது. நான் முன்மொழியுதேன்."

"ஆமோதிக்கிறது யாரு?" என்றான் ராமசுப்பு.

யாரும் அசையவில்லை. வடக்குத் தெரு மெம்பர் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவர்ப் பல்லி ஒன்று உத்தரத்தில் நகர்ந்து நின்றது. அபுதாஹிர் உட்காராமல் நின்றார். இருபது வருஷமாக இவர்கள் எல்லோருக்கும் உப்பும் புளியும் நிறுத்துக் கொடுத்திருக்கிறார். இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கிறார். இந்த நிமிஷம்போல் அந்நியமாக அவர்கள் எப்போதும் இருந்ததில்லை.

"ஒரு ஆளு வேணுமாக்கும்?"

குரல் ஜன்னலுக்கு வெளியே இருந்து வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் சுடலையம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால் வேலுத்தாயும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏய் கெழவி, இங்கன கூட்டம் நடக்கு" என்றான் ராமசுப்பு.

"அதான் கேக்கேன். ஒரு ஆளுதான் கொறையுதுன்னா என் பேர எழுதிக்கிடும். சுடலையம்மா."

"நீ மெம்பர் இல்ல."

"மெம்பருக்குக் கை தூக்கினது நான்தானே வே."

ஒரு மெம்பர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சோலைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்வை வேலுத்தாயிடம் வந்து நின்றபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் நகரவில்லை.

"எழுதுப்பா" என்றார் சோலைராஜ் கிளார்க்கிடம். "ஆமோதிக்க ஆள் இல்லாததால தள்ளப்பட்டதுன்னு எழுது. மொதத் தீர்மானத்துக்கு ஆறு பேரு சரி, ஒருத்தர் எதிர்ப்பு."

எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. எழுதியதை அபுதாஹிர் வாங்கி முழுக்கப் படித்துக் கையெழுத்திட்டார். மெம்பர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார்கள்.

வெயிலில் பெண்கள் இன்னும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே போய் நின்றார். 

"தோத்துட்டீங்க" என்றாள் சுடலையம்மாள்.

"ஆமா."

"நாங்களும்தான். மேக்கதான் போகணும் இனி. களை குடுக்காவளோ மாட்டாவளோ, தண்ணி எடுக்க விடுதாவளான்னு போய்ப் பாக்கணும்." அவள் முந்தானையை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

வேலுத்தாய் அவரை நேராகப் பார்த்தாள். மன்னித்த பார்வை அல்ல அது.

"அடுத்த கூட்டம் என்னைக்கு அண்ணாச்சி?"

அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இருங்கள் என்று கையால் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். ராமசுப்பு பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்லும்."

"பிரசிடெண்டுதான் சொல்லணும்."

"கேட்டுட்டு வந்து சொல்லும்."

"இப்பவேவா? அவரு சாப்பிடப் போயிருப்பாரே."

"சாப்பிட்டு வரட்டும்."

ராமசுப்பு அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி வெளியே போனான். அபுதாஹிர் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அறையில் வேறு யாருமில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றிருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டார். யாரும் நடந்து போகிற சத்தம் கேட்கவில்லை.